தொலைந்துபோன நினைவு... தொலையாத பெயர்!

1994-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் வடக்குப் பகுதியில், கடலை ஒட்டியிருக்கும் போர்ட்மஹோமக் என்ற சின்ன கிராமம். அங்கே வசித்த ஆன் பெர்ரிக்கு அப்போது 55 வயது. துப்பறியும் நாவல்கள் எழுதிப் பல நாடுகளில் பெயர் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மத நம்பிக்கையில் ஊறியவர். அக்கம் பக்கத்தினருக்கு அவர் மரியாதையான ஒரு எழுத்தாளர், அவ்வளவுதான்.

ஒருநாள் அவருடைய இலக்கிய ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது. நியூசிலாந்தில் யாரோ ஒரு பத்திரிகையாளர், 40 வருடங்களுக்கு முந்தைய ஒரு கொலை வழக்கின் குற்றவாளி ஆன் பெர்ரிதான் என்று எழுதப் போகிறார். இப்படி ஒரு அபத்தத்தை உடனே மறுத்து அறிக்கை விட வேண்டும், அதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்றார் ஏஜென்ட்.

ஆன் பெர்ரியால் அந்த அனுமதியைத் தர முடியவில்லை. ஏனென்றால், அது உண்மை.

அந்த நிமிடத்தில் முதலில் தோன்றியது வயதான தன் அம்மாவைப் பற்றிய பயம்தான் என்று பின்னாளில் அவர் சொன்னார். செய்தி வெளியே வந்தால் அம்மா தாங்குவாரா? மகள் செய்த காரியத்தை ஏற்கெனவே ஒருமுறை உலகத்தின் முன் நின்று தாங்கியவர் அந்த அம்மா. வழக்கு நடந்தபோது ஆன் பெர்ரியின் பெயர் ஜூலியட் ஹியூம். வயது 15.

பூங்காவில் நடந்தது

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம். ஜூலியட்டின் அப்பா பெரிய இயற்பியலாளர், அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவர். வசதியான வீடு. ஆனால், ஜூலியட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். உடம்பு தேறட்டும் என்று பெற்றோரைப் பிரிந்து வெளிநாடுகளில் வளர்ந்தவள், பிறகு காசநோய் வந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் தனியாகக் கிடந்தவள்.

அவளுடைய பள்ளித்தோழி பாலின் பார்க்கர். ஜூலியட்டைவிட சில மாதங்கள் மூத்தவள். பாலினும் ஐந்து வயதில் எலும்பு நோயால் காலில் ஆபரேஷன் செய்துகொண்டு நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தெரிந்த இரண்டு சிறுமிகள், வகுப்பில் விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து நெருக்கமானார்கள்.

அந்த நெருக்கம் ஒரு தனி உலகமானது. கற்பனை ராஜ்ஜியம் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு ராஜாக்கள், ராணிகள், வாரிசுகள். மற்றவர்களுக்குத் தெரியாத 'நான்காவது உலகம்' ஒன்று தங்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். சினிமா நட்சத்திரங்களை அந்த உலகத்தின் புனிதர்களாக்கினார்கள். நாவல்கள் எழுதினார்கள். ஹாலிவுட் போய்ப் புகழ்பெறப் போகிறோம் என்று திட்டம் போட்டார்கள்.

1954-ல் ஜூலியட்டின் பெற்றோர் பிரிய முடிவெடுத்தார்கள். அவளைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடானது. பாலினும் கூடப் போக ஆசைப்பட்டாள். தன் அம்மா ஹொனோரா சம்மதிக்க மாட்டார், அவர் இல்லாவிட்டால் போய்விடலாம் என்று பாலின் நினைத்தாள். இதெல்லாம் அவளுடைய டைரியில் இருந்தது. கொலை நாளன்று காலையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு போல மனசு துள்ளுகிறது என்ற அர்த்தத்தில் எழுதி வைத்திருந்தாள்.

ஜூன் 22. ஹொனோரா இரண்டு பெண்களையும் மலைமேல் இருக்கும் விக்டோரியா பூங்காவுக்கு அழைத்துப் போனார். மூவரும் டீ குடித்தார்கள். பிறகு பாதையில் இறங்கி நடந்தார்கள். ஜூலியட் முன்னால் போய் ஒரு அழகான சின்னக் கல்லைப் பாதையில் போட்டு வைத்திருந்தாள். ஹொனோரா அதை எடுக்கக் குனிந்தார். காலுறைக்குள் கட்டி வைத்திருந்த அரைச் செங்கல்லால் இரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். அடி 20-ஐத் தாண்டியது.

முதல் பொய்யும் முதல் பெருமையும்

ரத்தக்கறையோடு டீக்கடைக்கு ஓடிவந்த சிறுமிகள் சொன்னது: அம்மா வழுக்கி விழுந்துவிட்டார், தலை இடித்துவிட்டது.

இதுதான் முதல் மறுப்பு. சுவரில் கிறுக்கிய குழந்தை கையில் பென்சிலோடு நின்று 'நான் இல்லை' என்று சொல்வது மாதிரியான மறுப்பு. அது சில மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பாலின் ஒப்புக்கொண்டாள். ஆனால், ஜூலியட் அங்கே இல்லவே இல்லை என்றாள். ஜூலியட்டும் அதையே சொன்னாள். டைரி கையில் கிடைத்ததும் மறுநாள் ஜூலியட்டும் உண்மையைச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எல்லோரையும் குழப்பியது. அழுது புலம்புவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, தலை நிமிர்ந்த இரண்டு சிறுமிகள்தான் கிடைத்தார்கள். அவர்களைப் பரிசோதித்த மனநல மருத்துவர் ரெஜினால்டு மெட்லிகாட், தாங்கள் மற்றவர்களைவிட உயர்ந்தவர்கள், சாதாரண விதிகள் தங்களுக்குப் பொருந்தாது என்ற மமதை இருவரையும் ஆட்டுவிப்பதாகக் கண்டார். இருவர் சேர்ந்து ஒரே பித்தில் விழும் மனநோய் இது என்று கோர்ட்டில் சாட்சி சொன்னார். அரசுத் தரப்பு மருத்துவர்களோ, இருவரும் தெளிவாகவே இருந்தார்கள், செய்வது தவறு என்று தெரிந்தேதான் செய்தார்கள் என்றார்கள். ஆகஸ்ட் மாதம் ஜூரி அரசுத் தரப்பை ஏற்றது. 18 வயது நிரம்பாததால் தூக்கு இல்லை. காலவரையறை இல்லாத சிறைவாசம். இருவரும் வெவ்வேறு சிறைகளில் சுமார் ஐந்தரை வருடம் இருந்து, 1959-ல் விடுதலையானார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் எப்படி ஒருவரால் தலை நிமிர்ந்து நிற்க முடிகிறது? செய்ததை மறைக்காமலேயே, செய்ததன் பாரத்தை மட்டும் எப்படி மறுக்க முடிகிறது?

ஐந்து சமாதானங்கள்

1957-ல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மட்சா என்ற இரண்டு அமெரிக்க சமூகவியல் அறிஞர்கள், தவறு செய்யும் இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை, இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது, அவர்கள் உலகமே தனி என்றுதான் பலர் நம்பினார்கள். சைக்ஸும் மட்சாவும் அதை மறுத்தார்கள். அவர்களுக்கும் மனசாட்சி உண்டு. அது உறுத்தும் என்பதால்தான், அதன் வாயை அடைக்கச் சமாதானங்கள் தேவைப்படுகின்றன என்றார்கள்.

அவர்கள் பட்டியலிட்ட சமாதானங்கள் ஐந்து. நான் என்ன செய்வேன், சூழ்நிலை அப்படி என்பது ஒன்று. இதனால் யாருக்கு என்ன பெரிய நஷ்டம் என்பது இரண்டாவது. அவனுக்கு வேண்டியதுதான் என்பது மூன்றாவது. என்னைக் குறை சொல்ல வந்தவர்கள் மட்டும் யோக்கியமா என்பது நான்காவது. எனக்காகச் செய்யவில்லை, நண்பனுக்காகச் செய்தேன் என்பது ஐந்தாவது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சமாதானங்கள் மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் வருவதில்லை. தவறு நடப்பதற்கு முன்பே மனதுக்குள் வந்து உட்கார்ந்து, கதவைத் திறந்து விடுகின்றன.

ஆன் பெர்ரி தன் அடையாளம் வெளியான பிறகு கொடுத்த பேட்டிகளை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும். நெஞ்சு நோய்க்கு எடுத்துக்கொண்ட மருந்து தன் நிதானத்தைக் குலைத்திருக்கலாம் என்றார். அது முதல் சமாதானம். தான் கைவிட்டால் பாலின் தற்கொலை செய்துகொள்வாள் என்று பயந்தேன், நான் மருத்துவமனையில் கிடந்தபோது கைவிடாதவளுக்கு நான் கடன்பட்டிருந்தேன் என்றார். அது ஐந்தாவது.

இவை பொய் என்று சொல்லிவிட முடியாது. 15 வயதில் அவள் நிஜமாகவே அப்படி நம்பியிருக்கலாம். சமாதானங்களில் எப்போதும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கும், அதனால்தான் அவை அத்தனை வருடம் தாங்குகின்றன.

பேப்பரில் வந்த பெயர்

மறுப்புக்கு ஒரு கூட்டாளி உண்டு. அதுதான் கெட்ட புகழ்.

1924-ல் சிகாகோவில் நேதன் லியோபோல்ட், ரிச்சர்டு லோப் என்ற இரண்டு பணக்கார வீட்டு மாணவர்கள், 14 வயதுப் பையன் ஒருவனைக் கடத்திக் கொன்றார்கள். பணத்துக்காக அல்ல. யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்ற வெறி. 19 வயது லியோபோல்ட், பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பெயரெடுத்த மேதை. 18 வயது லோப், துப்பறியும் கதைகளின் ரசிகன். கொலை நடந்த பிறகு லோப் வீட்டில் அடங்கிக் கிடக்கவில்லை. பத்திரிகை நிருபர்களோடு சேர்ந்துகொண்டு, குற்றவாளி போன் செய்த மருந்துக்கடையைத் தேடி ஊரைச் சுற்றினான். நிழலில் இருந்தபடியே வெளிச்சத்தின் சூட்டை அனுபவித்தான். பிணம் கிடந்த இடத்தில் விழுந்திருந்த லியோபோல்டின் மூக்குக்கண்ணாடிதான் இருவரையும் காட்டிக் கொடுத்தது.

பதின்ம வயதில் 'நான் யார்?' என்ற கேள்வி பசியைப் போல வாட்டும். மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்சன் 'எதிர்மறை அடையாளம்' என்று ஒன்றைச் சொல்வார். யாருமே இல்லாதவனாக இருப்பதைவிட, கெட்டவனாகவாவது இருந்துவிடலாம் என்று சில பிள்ளைகள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். பேப்பரில் பெயர் வரும்போது, அது எந்தக் காரணத்துக்காக வந்தது என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். 'என்னை எல்லோரும் பார்க்கிறார்கள்' என்பதே பெரிது.

ஆனால், இந்தப் புகழ் திரும்பி வந்து கடிக்கும். லோப் 1936-ல் சிறையில் சக கைதியால் கொல்லப்பட்டார். லியோபோல்ட் 33 வருடங்கள் கழித்து 1958-ல் வெளியே வந்து, போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தார். சுயசரிதை எழுதினார். அந்தப் புத்தகத்தில் கொலையைப் பற்றிய விவரிப்பே கிடையாது, அது முடிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. தன் வழக்கை வைத்து நாவல் எழுதியவர் மீது, அந்தரங்கம் போய்விட்டது என்று வழக்குத் தொடர்ந்தார். 1970-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 19 வயதில் ஆசைப்பட்ட வெளிச்சம், 65 வயதில் அணைக்க முடியாத விளக்காக எரிந்துகொண்டிருந்தது.

அவமானமா, குற்ற உணர்வா?

அமெரிக்க உளவியலாளர் ஜூன் டாங்னி பல வருடங்களாக ஒரு வித்தியாசத்தை ஆராய்ந்து வருகிறார். 'நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன்' என்பது குற்ற உணர்வு. 'நானே கெட்டவன்' என்பது அவமானம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மனிதனை எதிரெதிர் திசையில் தள்ளுகின்றன. குற்ற உணர்வு உள்ளவர், செய்ததைச் சரிசெய்ய வழி தேடுகிறார். அவமானத்தில் மூழ்கியவர் ஒளிந்துகொள்கிறார், அல்லது பழியை வேறு யார் மீதாவது போடுகிறார். சிறைவாசிகளிடம் நடத்திய ஆய்விலும், அவமானத்தால் பழியைப் பிறர் மீது தள்ளியவர்களே மறுபடி குற்றத்தில் விழும் வாய்ப்பு அதிகம் என்று அவர் குழுவினர் கண்டார்கள்.

கெட்ட புகழும் மறுப்பும் கைகோக்கும் இடம் இதுதான். ஊரே ஒரு பையனைப் பார்த்து 'ராட்சசன்' என்று சொல்லும்போது, அவன் முன்னால் இருப்பது இரண்டே வழிகள். ராட்சசன் என்ற கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது 'அது நான் இல்லவே இல்லை' என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். 'ஆமாம், நான்தான் செய்தேன், அது மிகப்பெரிய தவறு, ஆனால் நான் அது மட்டுமல்ல' என்ற மூன்றாவது வழி அவன் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மறுக்கிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள் இல்லை. 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து பையன்கள் தண்டிக்கப்பட்டார்கள். நாங்கள் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னார்கள். அதைத் திமிர் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் உண்மையான குற்றவாளி ஒப்புக்கொள்ள, டி.என்.ஏ. சோதனையும் அதை உறுதிசெய்ய, ஐந்து பேர் மீதான தீர்ப்பும் ரத்தானது. அதற்குள் அவர்களுடைய இளமை சிறையில் கழிந்துவிட்டது.

தன்னையே தேடும் துப்பறிவாளர்

விடுதலையான ஜூலியட் புதிய பெயரோடு இங்கிலாந்து போனார். பெர்ரி என்பது அம்மாவின் அடுத்த துணைவருடைய குடும்பப் பெயர். விமானப் பணிப்பெண் வேலை பார்த்தார். சில வருடம் அமெரிக்காவில் இருந்தார். 1979-ல் முதல் நாவல் வந்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. ஏராளமான வாசகர்கள், விக்டோரியா காலத்து லண்டன், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கொலை.

1990-ல், அதாவது அந்த போன் வருவதற்கு நாலு வருடம் முன்பு, ஒரு புதிய கதாநாயகனை அவர் படைத்தார். பெயர் வில்லியம் மங்க். போலீஸ் துப்பறிவாளர். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறார். தான் யார் என்பதே ஞாபகம் இல்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வேலைக்குத் திரும்புகிறார். ஒரு கொலை வழக்கை விசாரிக்கிறார். விசாரிக்க விசாரிக்க, கொலையாளி தானாகவே இருக்குமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொள்கிறது.

பூங்காவில் நடந்தது பெரும்பாலும் தன் ஞாபகத்தில் இல்லை என்று ஆன் பெர்ரி சொல்லி வந்தார். அதை நம்பாதவர்கள் உண்டு. ஆனால், ஞாபகம் இல்லை என்ற ஒருவர், ஞாபகம் இல்லாத ஒருவனை உருவாக்கி, அவனைத் தன் குற்றத்தைத் தேடி இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களில் அலைய விட்டிருக்கிறார். வாய் மூடிக்கொண்ட இடத்தில் பேனா பேசியிருக்கிறது என்று அவரைப் படித்த பலரும் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

சிறையின் தொடக்க மாதங்களைத் தனிமையில் கழித்ததாகவும், அங்கேதான் மண்டியிட்டு, நான் குற்றவாளி, நான் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் அவர் சொன்னார். ஏற்றுக்கொண்டதால்தான் பிழைத்தேன் என்றார். ஷாட் மருனா என்ற குற்றவியல் ஆய்வாளர், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் முன்னாள் குற்றவாளிகளிடம் பேசி 2001-ல் எழுதிய புத்தகம் இந்த இடத்தில் உதவும். திருந்தியவர்கள் எல்லோரும் முழுப் பழியையும் தோளில் சுமந்தவர்கள் அல்ல. அவர்களும் சமாதானம் சொன்னார்கள். ஆனால், அடிப்படையில் நான் நல்லவன், இனி வாழ்ந்து காட்டுவேன், யாருக்காவது ஏதாவது திருப்பித் தருவேன் என்ற கதை அவர்களிடம் இருந்தது. திருந்தாதவர்களிடம் இருந்தது, என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்ற கதை. அந்த அளவுகோலில் ஆன் பெர்ரி திருந்தியவர்தான். அதன் பிறகு ஒரு குற்றமும் செய்யாமல், உழைத்து வாழ்ந்து, 2023 ஏப்ரலில் 84 வயதில் காலமானார்.

இரண்டு மௌனங்கள்

அந்த வழக்கை வைத்து பீட்டர் ஜாக்சன் எடுத்த 'ஹெவன்லி கிரியேச்சர்ஸ்' படம்தான் 1994-ல் எல்லாவற்றையும் கிளறியது. ஜூலியட்டாக நடித்த கேட் வின்ஸ்லெட்டுக்கு அதுதான் முதல் படம். உலகப் புகழுக்கு அவரை அழைத்துப் போன படிக்கட்டு. ஆன் பெர்ரி அந்தப் படத்தைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால், பேட்டி கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தன் தரப்பைச் சொன்னார். அவருடைய புத்தகங்கள் தொடர்ந்து விற்றன.

பாலின் வேறு வழியில் போனார். பெயர் மாற்றிக்கொண்டு, இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில், பிரார்த்தனையோடு தனியாக வாழ்ந்தார். நிருபர்கள் தேடிக் கண்டுபிடித்தபோதும் பேசவில்லை. செய்ததற்காக அவர் ஆழமாக வருந்துகிறார் என்பதை அவருடைய சகோதரிதான் சொன்னார். சிறுமியாக இருந்தபோது பேர் வாங்க ஆசைப்பட்டு டைரி முழுக்க எழுதித் தள்ளியவர், பிறகு ஒரு வரிகூட உலகத்துக்குத் தரவில்லை.

இருவரில் யார் உண்மையாக வருந்தினார்? பேசியவரா, பேசாதவரா? வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆன் பெர்ரியின் பேட்டிகளைப் படித்த பலருக்கும் உறுத்தியது ஒன்று உண்டு. தன் பயம், தன் கடன், தன் தண்டனை, தன் பிரார்த்தனை என்று நிறையப் பேசினார். ஹொனோராவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? படம் எடுத்தவர்கள், புத்தகம் எழுதியவர்கள், அதைத் தேடிப் படித்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு சிறுமிகளைத்தான் பார்த்தார்கள்.

ஹொனோராவுக்கு அப்போது வயது 45. வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்து, சமைத்துப் போட்டு, குடும்பத்தை ஓட்டியவர். மகள் ஐந்து வயதில் காலில் கட்டோடு கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். அன்று மதியம் மகளையும் அவளுடைய தோழியையும் சந்தோஷப்படுத்தத்தான் மலைமேல் கூட்டிப் போனார். பாதையில் கிடந்த அழகான கல் ஒன்றை எடுக்கக் குனிந்தார்.

மன்னிப்பு என்பது எங்கேயாவது தொடங்க வேண்டும் என்றால், அந்தக் குனிந்த தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.